பூனை டாக்டரின் தும்மல்

கடைப் பலகையின்படி என் தங்கையின் கணவர் குஷன்காரர். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பூனை டாக்டர். முதல் பெயரால் வேலை வரும், இரண்டாவது பெயரால் வந்த வேலை திரும்பிப் போகும். இரண்டுக்கும் நடுவில் வேன் ஓட்டிக்கொண்டும் மரச்சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டும் நிற்பவன் நான். அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு நாற்காலிக்கு மெத்தை மாற்ற. ஒரு மணி நேரம் நாற்காலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு கம்பீரமான மனிதர் என்று என் தங்கை நினைத்துவிட்டாள். அது கம்பீரம் இல்லை, வெறும் கூச்சம் என்று அவளுக்குத் தெரிந்தபோது கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் மாடிப்படிக்குக் கீழே போய் எதையோ தேடுவதுபோல நின்றுகொள்வார்.

"கூப்பிடாதே அண்ணா," என்பாள் தங்கை. "கூப்பிட்டா இன்னும் உள்ள போவாரு. ஒரு தட்டுல ஏதாவது வெச்சுட்டு நாம நகர்ந்துட்டா தானா வருவாரு."

இப்படிப்பட்டவருக்குப் பூனைகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அவர் பூனை வளர்த்தவரல்ல. பூனை ரோமம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு கஜத்துக்குள் ஒரு பூனை வந்துவிட்டால் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டுத் தும்மல் போடுவார். அவர் படித்ததெல்லாம் சோபாக்களைப் பார்த்துத்தான். பூனை விட்டுப்போன கீறலையும் ரோமத்தையும் வைத்தே இது என்ன குணமுள்ள பூனை என்று சொல்லிவிடுவார்.

ஒரு கணவனும் மனைவியும் சோபா கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வாசல் பக்கத்துக் கை மட்டும் நார் நாராகத் தொங்கியது, மறு கையில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கையை அவர் தடவிப் பார்த்தார்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"

எட்டரைக்கு என்றார்கள்.

"உங்க பூனை ஒம்பது மணிக்கு இதக் கிழிக்குது. கோபம் இல்ல, போரடிக்குது."

அதற்கப்புறம் ஒரு பாடமே நடந்தது. கூச்சக்காரர் பூனை என்று வந்துவிட்டால் வாயை மூடமாட்டார். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போடுங்கள், அது தெருவைப் பார்க்கட்டும். வாங்கி வைத்த பொம்மைகளை எல்லாம் ஒரே நாளில் கொட்டாதீர்கள், இரண்டை வெளியே வைத்து மற்றதை ஒளித்து வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கிளம்பும் முன்னால் பத்து நிமிடம் கயிறு ஆட்டுங்கள். கயிற்றை அதன் மூஞ்சிக்கு நேரே கொண்டுபோகக் கூடாது, எந்த எலி பூனையைத் தேடி வரும்? ஓடிப்போவதுபோல இழுக்க வேண்டும், நடுவில் இரண்டு தடவை பிடிக்கவும் விட வேண்டும். விளையாட்டு முடிந்ததும் சாப்பாடு. சாப்பிட்டால் தூங்கிவிடும். விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், இந்த வரிசையை மாற்றாதீர்கள். இதோடு விட்டாரா? மிச்சமான சோபாக் கால் ஒன்றில் கயிறு சுற்றி, பூனை நகம் தேய்க்க என்று சும்மா தூக்கிக் கொடுத்தார். அந்தத் தம்பதி நேரில் வந்து நன்றி சொன்னார்கள். சோபாவோடு மட்டும் திரும்ப வரவேயில்லை.

"மாப்ளே, குடை விக்கிறவன் மழை நிக்கணும்னு வேண்டிக்குவானா?" என்று கேட்டேன்.

"அது பாவம் மச்சான். நாள் பூரா தனியா இருக்கு" என்றார்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் ஆளிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? நான் சட்டத்துக்கு ஆணி அடிக்கப் போய்விட்டேன்.

இனி ஆபரேட்டரம்மாவின் கதை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர், முதல் மாடியில் தனியாக இருந்தார். அவருடைய சாம்பல் நிறச் சோபாவை எடுத்துவரப் போன அன்று மாப்பிள்ளை ஒரு கிளினிக்கில் நாற்காலிகளுக்கு அளவெடுக்கப் போயிருந்தார். நான் மட்டும்தான் போனேன். அந்த அம்மாவின் மகன் முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் சர்வேயர். எரிந்த கடை, நொறுங்கிய கார் எல்லாவற்றையும் நேரில் பார்த்து, நஷ்டம் உண்மைதானா என்று எழுதிக் கொடுப்பவர்.

"மெதுவாத் தூக்குங்க," என்றார் அந்த அம்மா. "பூனை இங்கதான் எங்கயோ இருக்கும். சத்தம் கேட்டா பயந்துடும்."

மகன் என்னைப் பார்த்தார். நான் சோபாவைப் பார்த்தேன். அடித்துணி ஒரு மூலையில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. படியில் இறங்கும்போது காலில் சிக்கும் என்று ஸ்டேப்ளர் துப்பாக்கியை எடுத்து டப் டப்பென்று ஆறு பின் அடித்தேன். ஒரு முனையை மகன் பிடித்துக்கொண்டார், மறு முனையை நான்.

பாதிப் படியில், "என்னங்க இவ்வளவு கனம்?" என்றார்.

"பழைய மரம் சார்."

வேனில் ஏற்றியதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "வேலைக்கு அவசரமில்ல. அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போறேன், வீட்டைக் காலி பண்றோம். ரெண்டு வருஷமா போன்ல பூனை பூனைன்னு ஒரே பேச்சு. சாம்பல் கலராம், வலது முன்னங்கால் நுனி மட்டும் வெள்ளையாம். கீழ்வீட்டுல கேட்டேன், எதிர்வீட்டுல கேட்டேன், ஒருத்தரும் பார்த்ததில்ல. ஒரு தட்டு சோறு வைக்கிறாங்க, அது காலியாகுது. அதை யார் சாப்பிடறாங்கன்னு நினைச்சாதான் எனக்குப் பயமா இருக்கு."

நானும் பெரிய மனிதனைப்போலத் தலையை ஆட்டினேன். வயசானால் அப்படித்தான் சார் என்று வேறு சொல்லி வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் கடை திறந்ததிலிருந்து மாப்பிள்ளை தும்மிக்கொண்டிருந்தார். பஞ்சுத் தூசியாக இருக்கும் என்று நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். பத்து மணிக்கு மகனிடமிருந்து போன்.

"சோபா வேலையை ஆரம்பிக்காதீங்க. நேத்துலேர்ந்து பூனையக் காணோம்னு அம்மா அழுதுக்கிட்டே இருக்காங்க. கதவு திறந்திருந்தப்ப ஓடிடுச்சாம். இல்லாத பூனை எப்படிங்க ஓடும்? இன்னைக்கு மூணு மணி ரயிலுக்குக் கிளம்புறோம். அங்க போய் ஒரு நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டணும்."

போனை வைத்துவிட்டு நான் இதை மாப்பிள்ளையிடம் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் மூக்கில் துண்டை வைத்தபடியே கேட்டார். பிறகு எழுந்துபோய் மூலையில் கிடந்த சாம்பல் சோபாவின் பக்கத்தில் குந்தினார்.

"மச்சான், இந்த அடித்துணியில பின் அடிச்சது யாரு?"

"நான்தான். கிழிஞ்சு தொங்கிட்டிருந்துச்சு."

"கிழியல. இது வாசல்."

விரலால் காட்டினார். துணியின் ஓரம் பிசிறில்லாமல் வழவழவென்று இருந்தது. போய்ப் போய் வந்து வந்து தேய்ந்த வழவழப்பு. ஆறு பின்னுக்கும் இடையில் சாம்பல் ரோமம். துணியோடு துணியாக இருந்ததால் நான் அதை நூல் என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை சோபாவின் கையில் காதை வைத்துக் கேட்டார், சட்டென்று விலகி, வாசலுக்கு ஓடி, அங்கே நின்று ஐந்து தும்மல் போட்டார்.

திரும்பி வந்து, "உள்ளதான் இருக்கு. மூச்சு விடுது" என்றார்.

நேற்று நாலு மணியிலிருந்து ஒரு உயிரை உள்ளே வைத்து அடைத்திருக்கிறேன். ஸ்குரூடிரைவரை எடுத்துப் பின்னைப் பிடுங்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எட்டு வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"இங்க திறந்தா ரோட்டுக்குப் பாஞ்சிடும். அதுக்கு இந்தத் தெருவும் தெரியாது, நம்மளையும் தெரியாது. அதோட வீட்டுலதான் திறக்கணும்."

ஒரு பழைய போர்வையைச் சோபாமேல் போர்த்தினோம். நான் ஓட்டிய ஓட்டை யாராவது பார்த்திருந்தால் வேனுக்குள் முட்டைக் கூடை இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. ஆபரேட்டரம்மா சமையலறை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரக் கூரை. பக்கத்தில் தரையில் அந்தத் தட்டு, வைத்த சோறு வைத்தபடி. நாங்கள் சோபாவைப் பழைய இடத்திலேயே இறக்கினோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பு என்னுடையது, பூனை உள்ளே இருக்கும்போதே நான் அடைத்துவிட்டேன், இதோ கொண்டுவந்திருக்கிறோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மகன் என்னைப் பார்த்த பார்வையில், எரியாத கடைக்கு நஷ்டம் கேட்டு வந்தவன்போல ஆகிவிட்டேன்.

"அம்மா உங்களுக்கு போன் பண்ணினாங்களா? ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப திறந்து வெளிய இழுங்க. என் கண்ணால பார்த்துட்டா விஷயம் முடிஞ்சுது. பெட்டியெல்லாம் நானே பிரிச்சு வெச்சுடறேன்."

நியாயமான பேச்சுதான். நான் ஸ்குரூடிரைவரோடு தயாராக இருந்தேன். மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றார். அந்நிய ஆள் ஒருவரை அவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"இழுக்கலாம் சார். பூனை இருக்குன்னு நீங்க நம்பிடுவீங்க. ஆனா அதுக்கப்புறம் அது இந்த வீட்டுல இருக்காது. ரெண்டு வருஷமா இந்த அம்மாவ மட்டும்தான் நம்பியிருக்கு."

மகன் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. இழுக்கட்டுமா?"

ஆபரேட்டரம்மா சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரயிலும் இல்லை, டாக்டரும் இல்லை, வீடு அவருடையது. அவருக்கும் அது தெரியும்.

"இழுக்க வேண்டாம்," என்றார். "நீ என்ன வேணா நினைச்சுக்கோ. டாக்டர்கிட்ட வேணும்னாலும் வர்றேன். அதப் பயமுறுத்தாதீங்க."

அந்த நிமிடம் எனக்கு அந்த மகன்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம்.

மாப்பிள்ளை மணி பார்த்தார். பன்னிரண்டு ஆகியிருந்தது. "ஒரு மணி நேரம் கொடுங்க சார்" என்றார். மகன் தோளைக் குலுக்கினார். அந்தத் தோள் குலுக்கலையே சம்மதமாக வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வேலையை ஆரம்பித்தார். ஆறு பின்னையும் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ஜன்னலைச் சாத்தினார். எங்கள் செருப்பை எல்லாம் வெளியே வைக்கச் சொன்னார். பைப்பிங் கயிறு என்று ஒன்று எங்களிடம் இருக்கும், மெத்தை ஓரத்துத் தையலுக்குள் போவது. அதில் இரண்டு முழம் வெட்டி நுனியில் ஒரு துணுக்குத் துணியைக் கட்டினார். சோபாவுக்குப் பக்கவாட்டில், சுவரைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் உக்காருங்க. சோபாவப் பார்க்காதீங்க, உத்துப் பார்த்தா அடிக்க வர்றோம்னு நினைக்கும். கையை நீட்டாதீங்க. போனை அணைச்சுடுங்க."

சர்வேயர் தன் மடிப்புக் கலையாத சட்டையோடு தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அந்தம்மா அவர் பக்கத்தில். நான் கதவோரம். கயிறு தரையில் மெதுவாக நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. கால் மணி போனது. அரை மணி போனது. சர்வேயர் அதற்குள் பன்னிரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தோள் ஏறி இறங்குவதைக் கவனித்தேன். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. மூக்கை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு தும்மல் விழுந்தால் போதும், பூனை சோபாவின் கைக்குள் ஏறிக்கொண்டு அடுத்த வாரம்தான் இறங்கும். பூனை டாக்டர் வைத்தியத்தின் நடுவிலேயே வியாதியில் விழுந்திருந்தார். கயிற்று முனையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். நான் எட்டத்தில் இருந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவர் சர்வேயர்தான்.

கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டு மாப்பிள்ளை முழங்காலாலேயே தவழ்ந்து வெளியே போனார். படியிறங்கித் தெருவுக்குப் போய், அங்கேயும் கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம்தான் தும்மினார். எங்களுக்கு லேசாகத்தான் கேட்டது.

சர்வேயர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். அம்மா அவர் காதோரம் குனிந்தார்.

"உன் பக்கமா இழு. மெதுவா. ஓடிப்போற மாதிரி."

இழுத்தார். நிறுத்தினார். மறுபடி இழுத்தார். கடிகாரம் பார்க்க அவருக்குக் கை இல்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கும் தெரியாது, என் கால் இரண்டும் மரத்துவிட்டன. திடீரென்று அடித்துணியின் மூலை அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கால் வந்தது. கால் மட்டும். அந்தத் துணுக்குத் துணிமேல் ஒரு தட்டு தட்டி, அழுத்திப் பிடித்து, இரண்டு இழு இழுத்துப் பார்த்துவிட்டு விட்டது. போய்விட்டது.

சர்வேயர் முகத்தைத் திருப்பாமலே, ஓரக்கண்ணால் பார்த்ததை அறிக்கை எழுதுகிற குரலில் சொன்னார்:

"வலது முன்னங்கால். சாம்பல் நிறம். நுனி வெள்ளை."

அப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா இதத்தான் சொல்லிட்டிருந்தீங்களாம்மா?"

"ஆமாம்ப்பா. நீ லைன்ல இருக்கேன்னு நினைச்சுத்தான் சொல்லிட்டிருந்தேன்."

மூணு மணி ரயில் அவர்கள் இல்லாமல் போனது. மகன் மறுநாள் தனியாகக் கிளம்பினார். அதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் அவரே பிரித்து வைத்ததாகக் கேள்வி. சோபாவுக்கு நாங்கள் அந்த வீட்டிலேயே வைத்துத் துணி மாற்றினோம், பூனை தகரக் கூரைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, நாலு நாள். மூலையில் என் கையாலேயே ஒரு தொங்கல் துணி வைத்துத் தைத்தேன். மாப்பிள்ளை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார், விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் என்ற பாடத்தை அந்த அம்மாவுக்கும் நடத்தினார்.

ஆறு மாதம் கழித்து, ஒரு நாற்காலி வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது இருவரும் எட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஆபரேட்டரம்மாவின் மடியில் ஒரு சாம்பல் மூட்டை படுத்திருந்தது. என்னைப் பார்த்தது, கொட்டாவி விட்டது, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"நல்லாப் பழகிடுச்சே," என்றேன். "மகன் வர்றாரா?"

"ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் வர்றான். அஞ்சு மணி நேரம் ரயில்ல வந்து, தரையில உக்காந்து, சுவரப் பார்த்துக்கிட்டே கயிறு ஆட்டுவான்."

"இப்பவும் கயிறா? இதுதான் கூப்பிட்டா மடிக்கே வரும்போலிருக்கே. அவருகிட்ட வர்றதில்லையா?"

அந்த அம்மா பூனையின் காதைத் தடவிக்கொண்டே வாசலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"உங்க மாப்பிள்ளை சொன்ன வரிசைதான். அவன் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நல்லா விளையாட விட்டு, வயிறு நிறையச் சாப்பாடு போட்டுடுவேன். சோபாவுக்குள்ள போய்த் தூங்கிடும். அவன் அது வரும் வரும்னு உக்காந்திருப்பான், எங்கிட்ட பேசிக்கிட்டே. இது போய் அவன் வந்த உடனே மடியில ஏறி உக்காந்துட்டா, அரை மணி நேரத்துல கிளம்பிடுவானே."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. வாசலில் மாப்பிள்ளை தும்மவில்லை, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இத மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை, அவர் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார். ஊரில் ஓட்டைவாய் என்று பெயர் எடுத்தவன் நான்தான். போன சனிக்கிழமைகூட அந்த மகனை ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். பையில் புதிதாக இரண்டு முழம் கயிறு வைத்திருந்தார். பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரொம்பக் கூச்சம் சார்," என்றார். "இன்னும் நாளாகும்."

"ஆமாம் சார்," என்றேன். "அவசரப்படாதீங்க."